கல்லீரல் வாயிற்சிரை அழுத்தமும் அதனை அளக்கும் புதிய முறையும்

நம் தோட்டப்புற முதியோரின் நினைவில் ஒருவகை மரணம் அழியாது நிற்கின்றது. மாலை வரை நன்றாக நடமாடிய ஒருவர் நள்ளிரவில் குடம் குடமாக இரத்தம் கக்குவார். விடியற்காலைப் பிரட்டுக்கு முன்னரே உயிர் பிரிந்துவிடும். “முனி அறைந்துவிட்டது” என்பர் சிலர். “யாரோ செய்வினை வைத்துவிட்டனர்” என்பர் வேறு சிலர். “இரத்தம் கக்கிச் சாவாய்” என்னும் சாபமொழி தமிழில் இன்றும் வழங்கி வருகின்றது. அவ்வாறு மாண்டோர் அனைவரையும் ஒரே நோய்தான் கொன்றது என்று கூறுதல் தவறு. இரைப்பைப் புண்ணும் காசநோயும்கூட இரத்தம் கக்க வைக்கும். எனினும் அவர்களுள் ஒரு பகுதியினரை மாய்த்தது முனியும் அன்று, செய்வினையும் அன்று. கல்லீரலின் வாயிலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி ஏறிக்கொண்டிருந்த ஓர் அழுத்தமே அவர்களை மாய்த்தது.

அந்த அழுத்தத்தை இன்று எண்ணால் அளக்க முடிகின்றது. அளந்தால் ஆபத்தை முன்னரே அறியலாம். அறிந்தால் மருந்தினால் தணிக்கலாம். அண்மைக் காலத்தில், வாய்வழியே செலுத்தும் உள்நோக்கிக் கருவியின் துணையால் அந்த அழுத்தத்தை நேரடியாக அளக்கும் முறையும் தோன்றியுள்ளது. அது எவ்வாறு இயங்குகின்றது, யாருக்குப் பயன்படும், எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பனவற்றை மருத்துவம் பயிலாத வாசகரும் உணருமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயில் என்னும் சொல்

நம் உடலில் குருதி இதயத்திலிருந்து தமனிகளின் வழியே சென்று, உறுப்புகளை ஊட்டி, சிரைகளின் வழியே இதயத்திற்குத் திரும்புகின்றது. இது பொதுவிதி. குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து வரும் குருதிக்கு மட்டும் தனிவழி உண்டு. அது நேரே இதயத்திற்குச் செல்வதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே வடிகட்டப்பட்டு, அதன் பின்னரே இதயத்தை அடைகின்றது. கல்லீரலுக்குள் நுழையும் அப்பெருஞ்சிரைக்கு மேலைநாட்டார் இலத்தீன் மொழியில் வாயிலைக் குறிக்கும் ‘போர்ட்டா’ என்னும் சொல்லை அடியாகக் கொண்டு பெயரிட்டனர். பாடநூல்களில் ‘போர்ட்டல் சிரை’ என்று காண்கின்றோம். பொருள் விளங்க வேண்டி, இக்கட்டுரையில் நாம் அதனை ‘வாயிற்சிரை’ என்றே வழங்குவோம்.

கணையத்தின் கழுத்துப் பகுதிக்குப் பின்னால், மண்ணீரலிலிருந்து வரும் சிரையும் குடலிலிருந்து வரும் சிரையும் கூடும் இடத்தில் வாயிற்சிரை தொடங்குகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 8 செண்டிமீட்டர். கல்லீரலுக்கு ஒரு நிமிடத்தில் வந்து சேரும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குருதியில் முக்கால் பங்கு இச்சிறு குழாயின் வழியாகவே வருகின்றது; எஞ்சிய கால் பங்கு தமனியின் வழியே வருகின்றது. கல்லீரலுக்குள் இக்குருதி எண்ணற்ற நுண்குழல்களில் பரவி, உயிரணுக்களைத் தழுவிச் சென்று, மீண்டும் ஒன்றுகூடிக் கல்லீரற்சிரைகள் மூன்றின் வழியே வெளியேறுகின்றது. ஆகவே வாயிற்சிரை உள்வாசல், கல்லீரற்சிரை வெளிவாசல். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஜெலாப்பாங் வாசகருக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நம் ஊர்ப்பெயர் தாங்கி நின்ற டோல் சாவடியை நாம் மறந்திருக்க மாட்டோம். 2009ஆம் ஆண்டில் அது அகற்றப்பட்டது. பெருநாட் காலங்களில் சாவடிக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சாவடியைக் கடந்துவிட்டால் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். கல்லீரலை அச்சாவடியாகக் கருதுக. சாவடியின் வழிகள் அனைத்தும் திறந்திருந்தால் முன்னும் பின்னும் நெரிசலில் பெரிய வேறுபாடு இராது. வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டால் முன்புறத்தில் வரிசை நீளும். பொறுமை இழந்த ஓட்டுநர் பழைய சாலைகளையும் குறுக்கு வழிகளையும் நாடுவர். அச்சிறு சாலைகளோ அத்தனை பாரத்தைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்டவை அல்ல.

கல்லீரலிலும் நிகழ்வது இதுவே. மிகுகுடியாலோ, பி, சி வகைக் கல்லீரல் அழற்சி நுண்மங்களாலோ, நீரிழிவோடும் உடற்பருமனோடும் வரும் கொழுப்புப் படிவினாலோ கல்லீரல் நெடுங்காலம் புண்பட்டு ஆறும்போது தழும்புகள் தோன்றுகின்றன. தழும்பு முற்றிக் கல்லீரல் கட்டிகட்டியாக இறுகும் நிலையே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்கநோய். நுண்குழல்கள் நெருக்குண்டு, வாயிற்சிரையில் குருதி தேங்கி, அழுத்தம் ஏறுகின்றது. குருதி மாற்றுவழி தேடி, உணவுக்குழலின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய சிரைகளுக்குள் புகுகின்றது. அவை புடைத்து, நெளிந்து, சுவர் மெலிந்து, ஒருநாள் வெடிக்கின்றன. அதுவே நள்ளிரவில் இரத்தம் கக்குதல். நவீன மருத்துவம் வந்த பின்னரும், இவ்வாறு குருதி கசிந்தோருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் ஆறு வாரங்களுக்குள் இறக்கின்றனர்.

வயிற்றில் நீர் கோத்துப் பானைபோல் வீங்கும் நிலையும் இவ்வழுத்தத்தோடு தொடர்புடையதே. அதனை நம் முன்னோர் மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் வழங்கினர். நோயின் தோற்றத்திற்குப் பெயரிட்டவர்கள் அதன் உள்ளிருந்த அழுத்தத்தைக் காண வழியில்லாதிருந்தனர்.

எண்கள் சொல்வது யாது?

கையில் பட்டை கட்டி அளக்கும் குருதியழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருப்பதை யாவரும் அறிவோம். வாயிற்சிரையில் நிலவுவது அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. உள்வாசலுக்கும் வெளிவாசலுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு, நலமுள்ள ஒருவரிடத்தில் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான். நீர்மட்டத்தில் சொல்வதானால் 5 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏழு செண்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த உயரமுள்ள நீர். ஒரு தேநீர்க் குவளையின் ஆழம். இத்தகைய சிறு அளவில் ஏற்படும் சில மில்லிமீட்டர் மாற்றங்கள் உயிருக்கும் மரணத்திற்கும் இடையிலான எல்லைகளாக இருப்பதே இந்நோயின் வியப்பு.

வேறுபாடு 5ஐக் கடந்தால் வாயிற்சிரை மிகையழுத்தம் தொடங்கிவிட்டது என்பர். 10ஐ எட்டினால், நோயாளி எவ்வித உபாதையும் உணராதிருந்தாலும், சிரைப்புடைப்பும் மகோதரமும் தோன்றக்கூடிய கட்டம் வந்துவிட்டது எனக் கொள்வர். 12ஐ எட்டிய பின்னரே புடைத்த சிரைகள் வெடிக்கும் வாய்ப்பு உண்டாகின்றது. குருதிக் கசிவோடு வந்த ஒருவருக்கு 20ஐ எட்டியிருந்தால், கசிவை நிறுத்துவது கடினம் என்றும் மீண்டும் கசியக்கூடும் என்றும் மருத்துவர் அஞ்சுவர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வாயிற்சிரையின் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாதா? வேறுபாட்டை ஏன் கணக்கிட வேண்டும்? மீண்டும் டோல் சாவடிக்குச் செல்வோம். சாவடிக்கு முன்னால் நெரிசல் என்பதனால் மட்டும் சாவடியே குற்றவாளி என்று தீர்மானிக்க இயலாது. சாவடிக்கு அப்பாலும் சாலை அடைபட்டிருந்தால் இரு புறமும் வண்டிகள் நிற்கும். இதயம் தளர்ந்தவரிடத்தில் இவ்வாறே நிகழும். குருதி எங்கும் தேங்கி, இரு வாசல்களிலும் அழுத்தம் ஏறியிருக்கும். வயிற்றில் நீர் நிறைந்தாலும் அவ்வாறே. ஆகவே முன்புற அளவிலிருந்து பின்புற அளவைக் கழித்தால்தான், கல்லீரல் எவ்வளவு தடுக்கின்றது என்பது தெரியவரும்.

கழுத்திலிருந்து கல்லீரலுக்கு

வாயிற்சிரை உடலின் ஆழத்தில் கிடக்கின்றது. இரு புறமும் நுண்குழல் வலைகளால் மூடப்பட்டிருத்தலின், மற்றச் சிரைகளைப்போல் கைவழியாகவோ கால்வழியாகவோ குழாய் செலுத்தி அதனை அடைய இயலாது. ஆயின் வெளிவாசலாகிய கல்லீரற்சிரையை அடைய வழியுண்டு. 1951ஆம் ஆண்டில் மையர்ஸ், டெய்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் ஒரு நுட்பத்தை வெளியிட்டனர். கல்லீரற்சிரையினுள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அது மேலும் நகர முடியாமல் சிக்கி நிற்கும்வரை தள்ளினர். சிரை அடைபட்டதும் அதன் பின்னால் உள்ள குருதி அசைவற்று நிற்கும். அசைவற்ற நீரில் அழுத்தம் ஒரே சீராகப் பரவும் என்பது பள்ளிப் பாடம். எனவே குழாயின் நுனியில் தெரியும் அளவு, நுண்குழல்களில் உள்ள அழுத்தத்தைக் காட்டிவிடும். பின்னர்க் குழாயைச் சற்றே பின்னிழுத்துத் தடையின்றி ஓடும் குருதியின் அழுத்தத்தை அளந்து, முன்னதிலிருந்து கழித்தனர்.

1979ஆம் ஆண்டில் குரோஸ்மன் குழுவினர் குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்திச் சிரையை அடைக்கும் முறையை விளக்கிய பின் அளவீடு மேலும் சீர்பெற்றது. இன்று கழுத்துச் சிரையின் வழியே இதயத்தின் வலப்புற அறையைக் கடந்து கல்லீரலை எட்டும் இம்முறையே உலகெங்கும் உரைகல்லாக ஏற்கப்பட்டுள்ளது.

எனினும் அதற்கு ஒரு குறை உண்டு. அது உள்வாசலைத் தொடுவதில்லை. வெளிவாசலில் நின்றுகொண்டு உள்வாசலின் நிலையை ஊகிக்கின்றது. தடை நுண்குழல்களில் இருந்தால் ஊகம் சரியாக அமையும். தடை அதற்கும் முன்னே, வாயிற்சிரையின் நுண்கிளைகளில் இருந்தால் ஊகம் தவறிவிடும். மண்சரிவு சாவடிக்கு முன்பே சாலையை மூடியிருக்க, சாவடிக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சீராகவே தோன்றும் அல்லவா?

இது ஏட்டளவிலான ஐயம் அன்று. தமிழகத்திலேயே கண்டறியப்பட்ட உண்மை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், காரணம் புலப்படாத வாயிற்சிரை மிகையழுத்தத்தோடு தம்மிடம் வந்தவர்களின் கல்லீரல் திசுவை ஆராய்ந்தனர். சிரோசிஸ் என்று கருதத்தக்கவாறு வந்தோருள் பலருக்கு உண்மையில் சிரோசிஸ் இல்லை; வாயிற்சிரையின் நுண்கிளைகளே கெட்டிருந்தன. தென்னிந்தியாவில் இவ்வகை நோய் அரிதன்று என்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. இத்தகையோரிடத்தில் கழுத்துவழி அளவீடு ஏறத்தாழ இயல்பான எண்ணையே காட்டக்கூடும். உள்வாசலிலோ அழுத்தம் ஏறியிருக்கும். இதில் மருத்துவச் செய்தி மட்டுமன்று, மானச் செய்தியும் உண்டு. வாழ்நாளில் மதுவைத் தொடாத ஒருவர் கல்லீரல் நோயோடு வரும்போது, ‘மறைவில் குடித்திருப்பார்’ என்று உற்றாரும் ஊராரும் முடிவு கட்டுவதை நாம் கண்டிருக்கின்றோம். சரியான அளவீடு அவர்மீது சுமத்தப்பட்ட பழியையும் நீக்கும்.

பால்மரத்தில் ஓர் அழுத்தமானி

உயிருள்ள ஒன்றின் ஆழ்ந்த குழாய்க்குள் நுண்கருவியைச் செருகி அழுத்தத்தை அளப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. பால்மரம் சீவுவோர் பொழுது புலரும் முன்னரே நிரைக்குச் சென்றது ஏன் என்று கேட்டால், ‘வெயில் ஏறினால் பால் இறங்காது’ என்று எந்தத் தோட்டத்து மூதாட்டியும் விடை கூறுவார். அவ்விடை அறிவியலோடு முற்றும் ஒத்தது. மரப்பட்டையின் பால்குழாய்களில் இரவில் நீரேறி அழுத்தம் மிகும். வெயிலில் இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தம் தாழும். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மன் என்னும் இருவர் பட்டைக்குள் நுண்ணிய அழுத்தமானிகளைச் செருகி இதனை அளந்து 1964ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விடியற்காலையில் அங்கு நிலவும் அழுத்தம் ஏறத்தாழ 10 வளிமண்டலம் என்னும் அளவை ஒட்டியது.

இதிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரே மரம், ஒரே குழாய். ஆயினும் அதிகாலையில் ஓர் எண், நண்பகலில் வேறோர் எண். அழுத்தம் என்பது நீளம், அகலம்போல் நிலைத்து நிற்பதன்று. அளக்கும் பொழுதையும் நிலையையும் பொறுத்து மாறுவது. மனிதரின் வாயிற்சிரைக்கும் இது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரைப்பையிலிருந்து நுழையும் ஊசி

உள்நோக்கி என்பது வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்தும் வளையும் குழாய். மீயொலி என்பது செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்கும் நுட்பம். கருவுற்ற தாய்மார் வயிற்றின்மீது கருவியை வைத்துக் குழந்தையைக் காண்பது இதனால்தான். 1980ஆம் ஆண்டளவில் இவ்விரண்டையும் இணைத்து, உள்நோக்கியின் நுனியிலேயே மீயொலிக் கருவியைப் பொருத்தினர். வெளியிலிருந்து பார்க்கும்போது தோலும் கொழுப்பும் குடற்காற்றும் மறைக்கின்றன. இரைப்பைக்குள்ளிருந்து பார்த்தாலோ கல்லீரலின் இடப்பாகம் அடுத்த அறைபோல் அருகில் இருக்கின்றது. 1992ஆம் ஆண்டில் டென்மார்க்கின் வில்மன் குழுவினர் அக்கருவியின் வழியே ஊசியைச் செலுத்தித் திசு எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினர். கண்ணுக்கு எட்டியது கைக்கும் எட்டியது.

2004ஆம் ஆண்டில் பன்றிகளிடத்தில் இவ்வழியே வாயிற்சிரையின் அழுத்தம் அளக்கப்பட்டது. அதன் பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கென்னத் சாங் தலைமையிலான குழுவினர், மெல்லிய ஊசியையும் கையடக்கமான அழுத்தமானியையும் இணைத்த எளிய அமைப்பை உருவாக்கினர். முதலில் பன்றிகளிடம் சோதித்து, பின்னர் 28 நோயாளிகளிடம் பயன்படுத்தி, 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 28 பேரிடத்தும் அளக்க முடிந்தது. தீங்கு எதுவும் நேரவில்லை. அளந்த வேறுபாடு 1.5 முதல் 19 மில்லிமீட்டர் வரை இருந்தது. சிரைப்புடைப்பு முதலிய அடையாளங்கள் உடையவரிடத்தில் எண்ணும் உயர்ந்திருந்தது.

செய்முறை பின்வருமாறு. வெறும் வயிற்றோடு வந்த நோயாளிக்கு மயக்கம் அளிக்கப்படும். உள்நோக்கி இரைப்பையை அடைந்ததும் மருத்துவர் மீயொலிப் படத்தில் கல்லீரற்சிரையைத் தேடுவார். குருதியின் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் நுட்பம், அது கல்லீரற்சிரையா வாயிற்சிரையா என்பதை உறுதிசெய்யும். முன்னதில் ஓட்டம் இதயத்துடிப்போடு ஏறி இறங்கும், பின்னதில் சீரான முனகல்போல் தொடரும். பின்னர் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஊசி இரைப்பைச் சுவரைத் துளைத்து, கல்லீரல் திசுவினூடே சென்று, கல்லீரற்சிரையை அடையும். கல்லீரல் திசுவினூடே செல்வது வேண்டுமென்றே செய்வது. ஊசியை வெளியே எடுத்ததும் அத்திசுவே துளையை அழுத்தி மூடிவிடும்.

ஊசியோடு இணைந்த குழாயில் ஹெப்பாரின் கலந்த உப்புநீர் நிறைந்திருக்கும். மானி, நோயாளியின் இதயத்தின் மட்டத்தில் வைக்கப்படும். மட்டம் தவறினால் எண்ணும் தவறும். சிறிதளவு உப்புநீரைச் செலுத்தியதும் மானியின் எண் ஏறி, பின் இறங்கி, ஓரிடத்தில் நிலைகொள்ளும். அவ்வாறு மூன்றுமுறை அளந்து சராசரி காண்பர். அதன் பின் ஊசியைப் பின்வாங்கி, வாயிற்சிரையின் இடக்கிளைக்குள் செலுத்தி, அங்கும் மூன்றுமுறை அளப்பர். எடுத்துக்காட்டாக, கல்லீரற்சிரையில் 8, 9, 10 என்று வந்தால் சராசரி 9. வாயிற்சிரையில் 21, 22, 23 என்று வந்தால் சராசரி 22. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 13. முன்னர்க் கண்ட எல்லைகளின்படி, இவருக்குக் குருதிக் கசிவின் வாய்ப்பு வந்துவிட்டது. ஊசியை எடுக்கும்போது அதன் தடத்தில் குருதி ஓடவில்லை என்பதை டாப்ளர் வழியே உறுதிசெய்த பின்னரே கருவியை வெளியே எடுப்பர்.

பயனும் எச்சரிக்கையும்

இம்முறையின் முதற்பயன், உள்வாசலை நேரடியாகத் தொடுவது. வேலூர் மருத்துவர்கள் கண்ட வகை நோயிலும் எண் பொய்க்காது. இரண்டாவது, ஒரே அமர்வில் பல பணிகள் முடிகின்றன. உணவுக்குழலில் புடைத்த சிரைகள் உளவா என்று காணலாம், கல்லீரல் திசுவையும் அதே ஊசிவழி முறையால் எடுக்கலாம், அழுத்தத்தையும் அளக்கலாம். மூன்று நாட்கள் அலைய வேண்டிய நோயாளிக்கு, அதிலும் நாட்கூலியை நம்பி வாழ்பவருக்கு, இது சிறிய உதவியன்று. மூன்றாவது, கதிர்வீச்சும் படத்திற்கான சாயமருந்தும் தேவையில்லை.

எச்சரிக்கைகளும் உள. பால்மரம் கற்பித்த பாடத்தை இங்கே நினைவுகூர்க. ஆழ்ந்த மயக்கத்தில் மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு வயிற்றழுத்தமும் சிரையழுத்தமும் அசையும். அதனால் மயக்கத்தில் கிடைத்த எண், விழித்திருப்பவரின் எண்ணுக்குச் சமம் என்று கண்ணை மூடிக்கொண்டு கூற இயலாது. கழுத்துவழி அளவீட்டை இலேசான மயக்கத்திலேயே செய்துவிடலாம். வாய்வழி அளவீட்டிற்கு மிகுதியான மயக்கம் வேண்டியிருக்கின்றது. குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவரிடத்தும், வயிற்றில் நீர் நிறைந்தவரிடத்தும் ஊசியைச் செலுத்துதல் ஆபத்தானது. மேலே கண்ட எல்லைகளாகிய 10, 12, 20 என்பன யாவும் கழுத்துவழி அளவீட்டிலிருந்து, பல்லாண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்துப் பெறப்பட்டவை. புதிய முறையின் எண்களை அவற்றோடு வைத்து ஒப்பிடும் ஆய்வுகள் இன்னும் சிறிய அளவினவே. ஆகவே பழைய உரைகல் இன்னும் இடம்பெயரவில்லை. புதிய முறை அதற்குத் துணையாகவும், அது தவறும் இடங்களில் மாற்றாகவும் நிற்கின்றது என்பதே நடுநிலையான மதிப்பீடு.

அளந்த பின் என்ன?

மருந்து இல்லையேல் அளவீடு வெறும் ஆரூடமாகிவிடும். நல்வாய்ப்பாக, மருந்து உண்டு; அதுவும் விலை குறைந்த மருந்து. பாரிசுக்கு அருகில் உள்ள போஜோன் மருத்துவமனையில் டிடியே லெப்ரெக் என்னும் மருத்துவர், இதயத்துடிப்பைத் தணிக்கும் பிரோப்ரனோலால் மாத்திரை வாயிற்சிரை அழுத்தத்தையும் தணிப்பதைக் கண்டார். ஏற்கெனவே ஒருமுறை குருதி கசிந்த 74 பேரிடம் நடத்திய ஆய்வை 1981ஆம் ஆண்டில் அவரது குழு வெளியிட்டது. ஓராண்டு முடிவில், மருந்து உட்கொண்டோரில் நூற்றுக்கு 96 பேர் மீண்டும் கசிவின்றி இருந்தனர். உட்கொள்ளாதோரில் 50 பேரே அவ்வாறு இருந்தனர். அழுத்த வேறுபாடு 12க்குக் கீழ் இறங்கினாலோ, தொடக்க அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ கசிவின் ஆபத்து பெரிதும் தணிகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அதனினும் முக்கியமான செய்தி 2019ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தது. சிரோசிஸ் இருந்தும் இதுவரை எவ்விதச் சிக்கலும் தோன்றாத, ஆயின் வேறுபாடு 10ஐ எட்டிய 201 பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்குப் பிரோப்ரனோலால் அல்லது கார்வெடிலால் அளித்தனர். மறு பகுதியினருக்கு மருந்தற்ற மாத்திரை அளித்தனர். நோய் முற்றுதலோ மரணமோ நேர்ந்தது முன்னவரில் நூற்றுக்கு 16 பேருக்கு. பின்னவரில் 27 பேருக்கு. மகோதரம் தோன்றுவது குறைந்ததே இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணம். நோயாளி எதனையும் உணராத காலத்தில், எண் ஒன்றே காட்டிக்கொடுத்த ஆபத்தை மாத்திரை தணித்தது. அழுத்தத்தை அளப்பதன் பயன் இதுவே. புடைத்த சிரைகளை உள்நோக்கியின் வழியே சிறு மீள்வளையங்களால் சுருக்கிட்டுக் கட்டும் முறையும் துணையாக உண்டு.

அனைவருக்கும் ஊசி வேண்டுமா?

வேண்டியதில்லை. கல்லீரலின் இறுக்கத்தைத் தோலின்மீதிருந்தே அளக்கும் பைப்ரோஸ்கேன் போன்ற கருவிகள் உள. இத்தாலியின் பவேனோ என்னும் ஊரின் பெயரால் வழங்கும் வல்லுநர் மாநாடு, 2021ஆம் ஆண்டின் ஏழாம் அமர்வில் எளிய வழி ஒன்றை வகுத்தது. இறுக்கம் 15 கிலோபாஸ்கலோ அதற்குக் குறைவாகவோ இருந்து, தட்டணுக்கள் ஒன்றரை இலட்சமோ அதற்கு மேலோ இருந்தால், அழுத்தம் 10ஐ எட்டவில்லை எனக் கொள்ளலாம். இறுக்கம் 25ஐ எட்டினால், பெரும்பாலான நோயாளிகளிடத்தில் எட்டிவிட்டது எனக் கொள்ளலாம். இடைப்பட்டவர்களுக்கும், காரணம் புலப்படாதவர்களுக்கும், பெரிய அறுவைக்கு முன் ஐயம் தீர வேண்டியவர்களுக்கும்தான் நேரடி அளவீடு பெரிதும் பயன்படும். பருமன் மிகுந்தவரிடத்தில் தோல்வழி அளவீடு தடுமாறுவதும் உண்டு.

இவ்விடத்தில் நம் மக்களை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்துத் துரைத்தனம் கூலியை ஒரு கையால் தந்து, கள்ளுக்கடையின் வழியே மறு கையால் பெற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கள்ளைத் தொடர்ந்து சம்சு வந்தது; அதன் தீங்கு இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் இன்றைய ஆபத்து மதுவோடு முடிவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியோருள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அவ்விகிதம் மிகுதி. நீரிழிவும் தொப்பையும் உள்ள இடத்தில் கல்லீரற் கொழுப்பும் உடனுறையும். மறுபுறம் நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1989ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பி வகைத் தடுப்பூசி இடப்படுகின்றது. சி வகைக்கு, 2017ஆம் ஆண்டில் அரசு காப்புரிமையைக் கடந்து மலிவான மருந்துக்கு வழிவகுத்தது.

நீரிழிவுக்காக மாதந்தோறும் கிளினிக் செல்லும் ஒருவர், ‘என் கல்லீரலையும் பார்த்தீர்களா?’ என்று ஒருமுறை கேட்டால் போதும். அங்கிருந்தே வழி தொடங்கும். சிரோசிஸ் என்று ஏற்கெனவே கண்டறியப்பட்டவர் கேட்க வேண்டியவை மூன்று: ‘என் தட்டணு எண்ணிக்கை எவ்வளவு? என் கல்லீரல் இறுக்கம் எவ்வளவு? என் வாயிற்சிரை அழுத்தம் ஆபத்தான எல்லையைத் தாண்டியிருக்குமா?’ கறுத்த மலம், இரத்த வாந்தி, வயிற்று வீக்கம், பிதற்றல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் ஈப்போ பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவை நாடுதல் வேண்டும். தாயத்தும் திருநீறும் வேண்டுவோர் அணியட்டும். வண்டி முதலில் புறப்படட்டும்.

மொழியை வளர்க்கும் அவை ஒன்றில் மருத்துவம் பேசுவது ஏன் என்று வினவுவோர்க்கு ஒரு சொல். நோய்க்குச் சொல் இல்லாத இடத்தில் முனி குடியேறுகின்றது. தன் உடலில் நிகழ்வதைத் தன் மொழியில் சொல்லத் தெரியாத நோயாளி, மருத்துவர் முன்னே தலையசைத்துவிட்டு, வீட்டிற்கு வந்து விளங்காமல் அமர்ந்திருக்கின்றார். வாயிற்சிரை, அழுத்த வேறுபாடு, சிரைப்புடைப்பு என்னும் சொற்கள் நம் வீட்டுக் கூடங்களில் இயல்பாக ஒலிக்கும் நாளில், நீரிழிவு என்னும் சொல்லைப்போல் இவையும் நம்மைக் காக்கும். நள்ளிரவில் நிகழ்ந்த அம்மரணங்களுக்கு நம் பாட்டன்மார் தந்த விளக்கத்தை நாம் நகைக்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் இருந்த சொற்கள் அவ்வளவே. நம் கையில் இன்று ஓர் எண்ணும் ஒரு மாத்திரையும் உள்ளன. அவற்றை உரியவரிடம் உரிய காலத்தில் சேர்ப்பது நம் பொறுப்பு.